அடுப்படிக்கு மரத்தரை போடலாமா?

புது வீடு கட்டுகிறவர்கள் தரை வேலைக்கு வந்ததும் இப்போதெல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். ஹாலுக்கு வெட்ரிஃபைட் டைல்ஸ், படுக்கையறைக்கு மரத்தரை என்பதுவரை சீக்கிரம் முடிவாகிவிடுகிறது. பிறகு, "அப்படியே அடுப்படிக்கும் மரமே போட்டுட்டா என்ன, பார்க்க ஒரே மாதிரி இருக்கும்ல?" என்கிறார்கள். பெங்களூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் போனில் அனுப்புகிற படங்கள்தான் பெரும்பாலும் இதற்குத் தொடக்கம். தேன் நிறத்தில் பலகைகள், வெள்ளை அலமாரி, ஜன்னலோரம் ஒரு செடி. அழகாகத்தான் இருக்கிறது. உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் என்று சொந்தபந்தங்கள் வீடு கட்டும் இடமெல்லாம் இந்தப் பேச்சு வருவதால், எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கம்பம் பள்ளத்தாக்கில், நாம் சமைக்கிற விதத்தில் சமைக்கும் வீட்டுக்கு, அடுப்படித் தரையில் மரம் வேண்டாம். மலைமேல் வீடு என்றால் பேச்சு கொஞ்சம் மாறும். மரம் மட்டமான பொருள் என்பதால் இதைச் சொல்லவில்லை. மரம் எனக்குப் பிடிக்கும். பிடித்த பொருளைத் தப்பான இடத்தில் போட்டு அது உளுத்துப் போவதைப் பார்க்க மனசு வராது.

நம் பக்கத்துப் பழைய வீட்டு அடுப்படியை நினைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் அங்கணம் இருக்கும். சின்னதாகக் கட்டு கட்டி, உள்ளே பாத்திரம் கழுவ, அரிசி களைய, கீரை அலச ஒரு இடம். சுவரில் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் கொல்லைப்பக்கம் வாழைக்குப் போய்விடும். தரை முழுக்க அந்த அங்கணத்தைப் பார்த்தே சரிந்திருக்கும். கொத்தனார்கள் அதை 'வாட்டம்' என்பார்கள். எங்கள் அப்பத்தா வீட்டு அடுப்படியில் சிவப்பு ஆக்ஸைடு தேய்த்த சிமெண்ட் தரை. அதில் ஒரு செம்புத் தண்ணீரை எங்கே கொட்டினாலும் கொஞ்ச நேரத்தில் தானாக மூலைக்கு ஓடிவிடும். பார்வைக்குச் சமமாகத்தான் தெரியும். அந்த அளவுக்கு நுணுக்கமாக வாட்டம் விட்டிருந்தார்கள்.

நம் அடுப்படித் தரையின் அடிப்படைச் சட்டமே இந்த வாட்டம்தான் என்று நினைக்கிறேன். சிங்க் வந்துவிட்டது, கிரானைட் மேடை வந்துவிட்டது, உட்கார்ந்து அம்மியில் அரைப்பது போய்விட்டது. ஆனாலும் தரையில் தண்ணீர் விழுவது நிற்கவில்லை. காலையில் கிரைண்டர் கழுவும்போது ஒழுகுகிறது. அகத்திக்கீரையும் முருங்கைக்கீரையும் அலசிச் சொட்டச் சொட்டத் தட்டுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வைகை அணை மீன் வந்தால் கழுவிய பிறகு தரையையும் கழுவாமல் முடியாது. வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது பலருக்குப் பழக்கம். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் பாத்திரம் பூராவும் இறங்கி, அடுப்படியே ஆறாக ஓடும். நாம் தரையைத் துடைப்பதைவிட கழுவுகிற ஆட்கள்.

மரத்தரைக்கு அதைச் செய்தவர்களே தரும் விதி வேறு. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும், சிந்திய தண்ணீரை உடனே ஒற்றி எடுக்க வேண்டும், வாளியால் ஊற்றவே கூடாது. அதோடு, அடியில் உள்ள தளம் மட்டமாக இருக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் பலகையும் பலகையும் கோக்கும் இடம் நாளாக ஆக விட்டுப்போகும். அதாவது, மரத்தரை போடுகிறவர் முதலில் கேட்பது வாட்டமே இல்லாத சமதளத்தை. நம் அடுப்படிக்கு வேண்டியதற்கு நேர் எதிரான தளம் அது. விலை, அழகு எல்லாவற்றையும் பேசுவதற்கு முன்னால் இங்கேயே ஒரு முடிச்சு விழுந்துவிடுகிறது.

அடுத்தது நம் ஊர்க் காற்று. மரம் வெட்டி, அறுத்து, காயவைத்து, பாலிஷ் போட்ட பிறகும் காற்றில் உள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்தில் நின்றால் மரத்துக்குள் ஏறக்குறைய 6 சதவீதம் ஈரம் தங்கும். காற்று 80 சதவீதம் என்று நாள்கணக்கில் நின்றால் மரம் 16 சதவீதம் வரை போகும். ஈரம் ஏறினால் பலகை அகலவாக்கில் உப்பும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம். மரங்களிலேயே அசைவு குறைந்தவற்றில் ஒன்று தேக்கு. அதிலும்கூட 100 மில்லிமீட்டர் அகலப் பலகைக்கு ஈரம் 5 சதவீதம் கூடினால், அறுத்த விதத்தைப் பொறுத்து அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை அகலம் கூடும். பத்துப் பலகை சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் வரை போகலாம். அதனால்தான் சுவரோரம் இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் மறைக்கிறார்கள்.

இந்தக் கணக்கை நம் பள்ளத்தாக்கின் வருஷத்தோடு வைத்துப் பாருங்கள். மாசி, பங்குனி, சித்திரையில் வெயில் உறிஞ்சி எடுக்கிறது. பழைய கதவுகளில்கூட விரிசல் தெரியும். வைகாசி கடைசியில் கேரளத்துப் பக்கம் மழை பிடித்ததும் கூடலூர், கம்பம் பக்கம் சாரல் தூறுகிறது. பெரியாறு தண்ணீர் முதல் போகத்துக்குத் திறந்துவிட, வயலெல்லாம் தண்ணீர் நிற்கிறது. ஆனி, ஆடியில் கம்பம் கணவாய் வழியாக இறங்குகிற காற்று ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே வேகத்தில் ஜன்னல் வழியாக மண்ணையும் கொண்டுவந்து கொட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஒரே வருஷத்தில் மரம் இத்தனை தரம் சுருங்கி விரிய வேண்டும். அடுப்படியில் இதற்கு மேல் குக்கர் ஆவியும் சேர்கிறது.

அந்த ஆடிக்காற்று மண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் கூட்டினால் மத்தியானம் திரும்பவும் காலில் நறநறக்கும். அந்தப் பொடி மணல்மேல் நடக்க நடக்க, மரத்தின் மேலுள்ள பாலிஷில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலைதான் நடக்கிறது. அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் நடுவே நாள் முழுக்க நாம் நடக்கிற தடம்தான் முதலில் தேயும். பாலிஷ் தேய்ந்த இடத்தில் மஞ்சளும் நல்லெண்ணெயும் இறங்கினால் கறை மரத்துக்குள்ளேயே போய்விடும். மேலே துடைத்துப் பயனில்லை. அந்த இடத்தை இழைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கேஸ் சிலிண்டரை மறந்துவிடக் கூடாது. உள்ளே 14.2 கிலோ எரிவாயு, இரும்பின் எடை அதைவிடச் சற்றுக் கூடுதல். கீழே இரும்பு வளையம். கொண்டுவருகிறவர் அதைச் சாய்த்து உருட்டித்தான் உள்ளே வைப்பார், அது அவர் தப்பில்லை. டைல்ஸில் அது சத்தத்தோடு முடியும். மரத்தில் வாசலிலிருந்து அடுப்புவரை அரைவட்டமாகத் தடம் விழும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நம் முன்னோர்களுக்கு மரத்தின் அருமை தெரியவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மலையடிவாரத்து ஆட்கள் நாம். தேக்கு, வேங்கை, தோதகத்தி எல்லாம் தெரிந்தவர்கள். பழைய மச்சு வீடுகளில் மாடித்தளமே மரப்பலகைதான். நெல்லும் பயறும் கட்டிவைத்த மச்சு, நடந்தால் லேசாக அதிரும். ஆனால் அந்த வீடுகளிலும் அடுப்படிக்குக் கீழே மண்ணோ சுண்ணாம்போ கல்லோதான் இருந்தது. அடுப்படியில் மரம் இருந்த இடம் தலைக்கு மேலே, பரணில். விறகடுப்புப் புகை அந்தப் பரண் மரத்தைக் காயவைத்துக்கொண்டே இருந்ததால் வண்டு விழவில்லை, கரையான் ஏறவில்லை. விதைக்கு எடுத்துவைத்த சோளக்கதிரை அடுப்புக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிட்டதும் அதே காரணத்துக்காகத்தான். ஒரே அறைக்குள் மேலே மரம், கீழே கல் என்று பிரித்து வைத்தது தற்செயலாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மர வேலைக்கென்றே பேர் வாங்கிய கட்டடம் அது. கூரை, தூண், ஜன்னல் என்று எங்கு பார்த்தாலும் மரம். அப்படிப்பட்ட இடத்திலும் எல்லோரும் குனிந்து பார்த்து வியக்கிற தரை மரத்தால் ஆனதில்லை. சுண்ணாம்பு, கொட்டாங்கச்சிக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்ததாகச் சொல்லப்படும் கறுப்புத் தரை, இன்றைக்கும் முகம் தெரிகிற அளவுக்கு மின்னுகிறது. மர வீடுகளுக்குப் பேர்போன ஜப்பானிலும் பழைய கிராமத்து வீடுகளில் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும் பகுதி இறுகத் தட்டிய மண்தரை; செருப்போடு புழங்குவார்கள். உட்கார, சாப்பிட, படுக்க மட்டும் உயர்த்திக் கட்டிய பலகைத் தளம். தண்ணீரும் மரமும் எங்கே சேரலாம், எங்கே கூடாது என்று அங்கேயும் யோசித்திருக்கிறார்கள்.

கடைகளில் 'வுட் ஃப்ளோரிங்' என்று காட்டுவதெல்லாம் மரம்தானா என்பதையும் பார்த்துவிட வேண்டும். முழுப் பலகை என்பது 18, 20 மில்லிமீட்டர் கனத்தில் தேக்கோ வேறு மரமோ. அதில் வைரம் பாய்ந்த பகுதிதான் உழைக்கும். வெள்ளைப் பகுதி கலந்திருந்தால் பூச்சி அங்கேதான் முதலில் வரும். அடுத்தது எஞ்சினியர்டு வுட்: அடியில் ஒட்டுப்பலகை, மேலே மூன்று நான்கு மில்லிமீட்டர் நிஜ மரம். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் முழுப் பலகை அளவுக்கு உப்பிச் சுருங்காது. மூன்றாவது லேமினேட். 1970களின் கடைசியில் ஸ்வீடனில் பிறந்த சரக்கு. மரத்தூள் நாரை அழுத்திச் செய்த அட்டை, அதன்மேல் மரம்போல அச்சடித்த காகிதம், அதற்கு மேல் தேயாத பூச்சு. நம் பக்கத்தில் படுக்கையறைக்கு அதிகம் போடுவது இதைத்தான். விலை குறைவு, ஒரே நாளில் போட்டு முடித்துவிடலாம்.

அடுப்படிக்கு இவற்றில் மிகமோசமானது இந்த லேமினேட்தான். மேல்பூச்சு தண்ணீரைத் தாங்கும், கோக்கும் விளிம்பு தாங்காது. அந்த வழியாக நீர் இறங்கினால் அட்டை ஊறி உப்பும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. தேனியில் எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில் இதைப் பார்த்தேன். சிங்குக்கு அடியில் தண்ணீர் சுத்திகரிப்பானின் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. தரையில் வரிவரியாக விளிம்பு எழும்பிய பிறகு பெயர்த்துப் பார்த்தால், அடியில் விரித்த நுரைத்தாளுக்குக் கீழே தண்ணீர் தேங்கி, பூஞ்சணம் பிடித்து, சுவரோரம் கரையான் மண்ணும் ஏறியிருந்தது. சொட்டு நீர் டைல்ஸ் தரையில் விழுந்திருந்தால் அன்றைக்கே ஓடிவந்து கண்ணில் பட்டிருக்கும். தளத்தோடு ஒட்டாமல் மேலே கிடக்கும் இந்த 'மிதக்கும்' தரைகளில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்: கேடு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

எஸ்.பி.சி. என்று இப்போது ஒன்று வருகிறது. சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் கலந்த பலகை, மேலே மரப்படம். தண்ணீரால் அது கெடாது, கரையானுக்கும் அதில் தீனி இல்லை. ஆனால் காய்ச்சிய எண்ணெய்ச் சட்டி தவறி விழுந்தால் தழும்பு நிற்கும். தண்ணீர் அடியில் போய்த் தேங்குவதை அதுவும் தடுக்காது. மரம் வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கடைசியில் பிளாஸ்டிக்கில் போய் நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மரத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அதை எனக்குச் சொன்னவள் என் நாத்தனார். உத்தமபாளையத்தில் வீடு கட்டுகிறாள்.

"மதினி, இந்த டைல்ஸ்ல நின்னு நின்னு முட்டிக்குக் கீழ பூராம் கடுக்குது. ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது. மரம்னா காலுக்கு இதமா இருக்கும்னு மகன் சொல்றான்" என்றாள்.

"அவன் சொல்றது பொய்யில்ல தாயி. ஆனா எப்படிப் போடுற மரம்ங்கிறதுலதான் இருக்கு" என்றேன்.

காலில் செருப்பில்லாமல் மணிக்கணக்கில் கல் மேல் நின்று சமைக்கிற பெண்களின் வலி நிஜமானது. வீடு கட்டும்போது தரையின் நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதன்மேல் நிற்கப்போகிற காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த விதத்தில் என் நாத்தனார் கேட்டதுதான் சரியான கேள்வி. சட்டம் அடித்து, அடியில் காற்று இடைவெளி விட்டு, அதன்மேல் பலகை பாவினால் தரை லேசாக வளைந்து கொடுக்கும், கால் ஆறும். கான்கிரீட் தளத்தின்மேல் நேராக ஒட்டிய மரமோ, மெல்லிய நுரைத்தாள்மேல் கிடக்கிற லேமினேட்டோ அந்த அளவுக்குக் கொடுக்காது. கிரானைட் போல் குளிராது, அவ்வளவுதான். சட்டம் அடித்தால் தரை மூன்று நான்கு இஞ்ச் உயரும், வாசற்படியில் இடறும். அடியில் கரப்பானும் எலியும் குடியேற இடமாகும். அவளிடம் நான் சொன்னது, அடுப்புக்கும் சிங்குக்கும் முன்னால் கனமான ரப்பர் பாய் ஒன்று போடு, வீட்டுக்குள் மட்டும் போட ஒரு மெத்துச் செருப்பு வாங்கு என்பதுதான். பாயைத் தினமும் தூக்கிக் கழுவிக் காயப்போடலாம். தரையைத் தூக்கிக் காயப்போட முடியாது.

மரத்துக்கு வேறு நல்ல குணங்களும் உண்டு. கண்ணாடிக் குவளை விழுந்தால் உடையாமல் தப்பிக்க வாய்ப்பு அதிகம். வழவழ டைல்ஸ்போல வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்காது. முழுப் பலகையாக இருந்தால் தேய்ந்தபின் ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துப் புதுசாக்கலாம். பல தரம் செய்யலாம். எஞ்சினியர்டு பலகையை ஓரிரு தரம். லேமினேட்டை ஒரு தரம்கூட முடியாது. உடைந்த டைல்ஸுக்கு அதே நிறத்தில் மாற்றுக் கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு இந்த இழைக்கிற வசதியின் அருமை புரியும்.

மலைக்குப் போனால் கணக்கு மாறும் என்றேன் அல்லவா? நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஏலத்தோட்டம் உண்டு. போடிமெட்டுக்கு மேலேயோ, குமுளி தாண்டி வண்டன்மேட்டுப் பக்கமோ, மேகமலையிலோ தங்குகிறவர்களுக்கு மார்கழிக் காலையில் கல் தரையில் கால் வைக்க முடியாது என்பது தெரியும். மரத்தைவிடக் கிரானைட் பத்து மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். கால் சூட்டை அது இழுத்துக்கொள்வதால்தான் அந்தச் சில்லிப்பு. அங்கே மரத்தரைக்கு நியாயம் இருக்கிறது. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பங்களாக்களைத் தரையிலிருந்து உயர்த்தி, பலகைக்கு அடியில் காற்று போய்வர வழி விட்டுக் கட்டினார்கள். அவர்களும் சமையலறையை வீட்டுக்குப் பின்னால் தனியாகத் தள்ளி வைத்தார்கள். நெருப்புக்கும் புகைக்கும் பயந்துதான். இன்றைக்குத் தோட்ட வீட்டில், ஆள் குறைவு, கட்டஞ்சாயாவும் ஒரு வேளைச் சோறும்தான் என்றால் அடுப்படியிலும் மரம் போடலாம். ஆனால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடென்றால் ஆடி மழையில் பூஞ்சணம் பிடிக்கும். ஆள் இருந்து ஜன்னலைத் திறந்து மூடுகிற வீட்டுக்குத்தான் மரம்.

கீழே, பள்ளத்தாக்கில், எல்லாம் கேட்ட பிறகும் மரம்தான் வேண்டும் என்றால்? அடுப்பு, சிங்க் இருக்கும் பக்கம் கல்லோ டைல்ஸோ போட்டு, சாப்பாட்டு மேசை போடும் பக்கத்துக்கு மட்டும் மரம் வையுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கிரானைட் பட்டை வைத்து, ஈரப்பக்கத்தை அரை இஞ்ச் தாழ்த்தினால் தண்ணீர் தாண்டாது. நல்ல வைரத் தேக்கு வாங்குங்கள். இடித்த வீட்டுப் பழைய உத்தரம் கிடைத்து அதை அறுத்தால் இன்னும் நல்லது, வருஷக்கணக்கில் காய்ந்து அடங்கிய மரம் அது. பலகை வந்ததும் அந்த அறையிலேயே பிரித்து அடுக்கிப் பல நாள் கிடக்கவிட்டு, பிறகு பாவச் சொல்லுங்கள். அஸ்திவாரம் போடும்போதே கரையான் மருந்து அடித்திருந்தால் நல்லது. அலமாரிப் பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள தண்ணீர் தாங்கும் பிளைவுட்டைக் கேளுங்கள். சிங்க் அடிப்பலகைக்கு அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

நான் போடுவதென்றால், மினுக்காத மேட் ஃபினிஷ் வெட்ரிஃபைட் டைல்ஸ். தண்ணீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் கீழே. நல்ல டைல்ஸ் கெடுவதே இணைப்பில்தான், அதனால் எபாக்சி கிரவுட் போட்டுவிட வேண்டும். கூலி கூடும், ஆனால் மஞ்சள் கறை பிடிக்காது. கடப்பா கல் எனக்குப் பிடிக்கும், மலிவு, குளிர்ச்சி. ஆனால் அது சுண்ணாம்புக்கல். எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணியோ நின்றால் வெளுத்துத் தடம் விழும். சிவப்பு ஆக்ஸைடுத் தரைக்கு இன்னும் மனசு ஏங்குகிறது. அதை விரிசல் விடாமல் தேய்க்கத் தெரிந்த கைக்காரர் உங்கள் ஊரில் இருந்தால் யோசிக்காமல் அவரைக் கூப்பிடுங்கள்.

நாத்தனார் வீட்டில் அடுப்படிக்கு மேட் டைல்ஸ், மாடிப்படிக்கும் மேலறைக்கும் தேக்கு என்று முடிவாகியிருக்கிறது. அங்கே டைல்ஸ் ஒட்டும் நாளில் நான் போய் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் நில்லுங்கள். நாலு வரி ஒட்டி முடித்ததுமே, கலவை இறுகுவதற்குள், மட்டக்கட்டையை வைத்து வாட்டம் சிங்க் பக்கத்துத் துவாரத்தைப் பார்த்துத்தான் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். மறுநாள் பெயர்க்கச் சொன்னால் எந்தக் கொத்தனாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.